அறுபதால் வகுத்த கஞ்சி

ஜீவனஹள்ளி, பெங்களூர்
6-8-1961

நைனாவுக்கு சந்திரம்மா வணக்கத்துடன் எழுதுவது.

மே மாதத்திலிருந்து இது நாலாவது கடிதம். முந்தின மூன்றுக்கும் பதில் இல்லை. படித்துவிட்டுக் கிழித்தீர்களா, படிக்காமலே கிழித்தீர்களா தெரியாது. இதை மட்டும் படித்துவிட்டுக் கிழியுங்கள். மகளுக்காக வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு நோயாளிக்காக என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் இருபத்தொன்பதாம் தேதி அவர் ஆபீசிலிருந்து வந்து வாசலிலேயே வாந்தி எடுத்தார். காப்பித்தூள் நிறத்தில் இருந்தது. அவர் குடித்த காப்பிதான் வெளியே வருகிறது என்று நினைத்தேன். வீட்டுக்காரம்மா கிருஷ்ணம்மாள்தான் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது ரத்தம்மா, ஜட்கா வண்டி கூப்பிடு" என்றார். நாலு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். இரைப்பையில் புண்ணாம். ஒரு வருஷமாவது இருந்திருக்க வேண்டும் என்கிறார் டாக்டர். மூன்று மாதம் பத்தியம். காரம், புளி, காப்பி, டீ, பொரித்தது எதுவும் ஆகாது. இரண்டு மணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். அக்டோபர் இருபத்தாறாம் தேதி எக்ஸ்ரே. அதற்குள் புண் ஆறாவிட்டால் வயிற்றைத் திறந்து பாதி இரைப்பையை எடுத்துவிடுவார்கள்.

எனக்குச் சமைக்கத் தெரியாது நைனா. அடுப்புப் பக்கம் வந்தாலே "கரி புடிச்ச கை சாக்பீஸ் புடிக்காது, போய்ப் படி" என்று விரட்டினது நீங்கள். படித்தேன். காக்ஸ் டவுன் பள்ளிக்கூடத்தில் நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். ஒரு கஞ்சி வைக்கத் தெரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து ஓட்டல் எடுப்புச் சாப்பாடுதான். அவர் வயிற்றில் இருந்த புண்ணில் நானும் மிளகாய்ப்பொடி தூவியிருக்கிறேன் என்று நினைத்தால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

இருபத்தெட்டு வருஷமாக சுரங்க ஆஸ்பத்திரியில் பத்தியச் சமையல் பார்க்கிறவர் என் நைனா. அவரை விட்டுவிட்டு வேறு யாரிடம் போய் நான் கேட்பது?

இந்தக் கடிதத்தை முடிப்பதற்குள் மூன்று தடவை எழுந்து போய் அவர் மூச்சு விடுகிறாரா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

சந்திரம்மா


சாம்பியன் ரீப், கோலார் தங்கவயல்
11-8-61
(கார்டு)

கேட்டது பத்தியம். எழுதியிருக்கிறேன்.

காலைக் கஞ்சி: புழுங்கலரிசி நொய் ஆறு படி. வாசம் வர வறுத்த பாசிப்பருப்பு ஒரு படி. தண்ணீர் முப்பத்தாறு படி. பெரிய அண்டா. மூன்று மணி நேரம், சின்னத் தீ. இறக்கும்போது உப்பு இரண்டு கை. பால் விட்டுக் கடைந்து வடிகட்டவும்.

மதியம்: மணத்தக்காளிக் கீரை அறுபது கட்டு. தேங்காய் முப்பது, பால் பிழிந்து. கீரை வெந்து இறக்கிய பிறகுதான் தேங்காய்ப்பால். கொதித்தால் கெட்டது. குழைந்த சோறு.

இது நூற்றிருபது படுக்கைக்கு. நீ கணக்கு டீச்சர். வகுத்துக்கொள்.

அய்யாவு
தலைமைச் சமையல், பத்தியக் கிச்சன்


ஜீவனஹள்ளி
20-8-1961

நைனாவுக்கு,

கார்டு வந்தது. வாசலில் நின்றே படித்தேன். நலமா என்று ஒரு வார்த்தை இல்லை. பரவாயில்லை, கஞ்சி இருந்தது.

இரண்டு பேருக்கு என்பதால், படிக்கு எட்டு ஆழாக்கு என்று வைத்து எல்லாவற்றையும் அறுபதால் வகுத்தேன். நொய் முக்கால் ஆழாக்குக்குக் கொஞ்சம் மேலே வந்தது. தண்ணீர் ஐந்து ஆழாக்குக்குக் கொஞ்சம் கீழே. பருப்பை எண்ணியே போட்டிருக்கலாம். நேரத்தை மட்டும் வகுக்கவில்லை. மூன்று மணி நேரத்தை அறுபதால் வகுத்தால் மூன்று நிமிஷம் வருகிறது, மூன்று நிமிஷத்தில் கஞ்சி வேகாது என்கிற அளவுக்கு எனக்கும் புத்தி உண்டு. அதனால் அடுப்பில் வைத்துவிட்டு நோட்டுத் திருத்த உட்கார்ந்தேன். கிருஷ்ணம்மாள் அக்கா வந்து, "இன்னாம்மா, வூட்டுக்குள்ள தார் ரோடு போடுறியா" என்று கேட்ட பிறகுதான் என் மூக்குக்கு எட்டியது. சட்டியோடு குப்பையில் போட்டேன்.

உப்புதான் என்னை அழவைத்தது. இரண்டு கை என்று எழுதியிருக்கிறீர்கள். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப்போன அன்று உங்கள் ஒரு விரலைத்தான் என்னால் பிடிக்க முடிந்தது. அந்தக் கையில் அறுபதில் ஒரு பங்கை எப்படி எடுப்பது? உப்பு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.

அவர் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டார். சட்டைக் காலருக்குள் இன்னொரு கழுத்து நுழையும் போல் இருக்கிறது. நான் வைத்த எதையும் வேண்டாம் என்று சொல்வதில்லை. தீய்ந்ததைக்கூட வடிகட்டிக் கொடு என்றார். அது இன்னும் கஷ்டமாக இருக்கிறது. எக்ஸ்ரேக்கு அறுபத்தேழு நாள்தான் இருக்கிறது.

சந்திரம்மா


சாம்பியன் ரீப்
27-8-61
(மூன்று கார்டுகள், எண் போட்டவை)

சந்திரம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து, வார்டுபாய் ராஜேந்திரன் எதிரிலேயே சிரித்துத் தொலைத்தேன். அதனால் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே.

அண்டா வேறு, சட்டி வேறு. அண்டாவில் தண்ணீர் நின்று நிதானமாகச் சுண்டும். சட்டியில் திரும்பிப் பார்ப்பதற்குள் சுண்டிவிடும். ஆள் குறையக் குறைய தண்ணீர் பங்கு கூட வேண்டும், நேரம் குறைய வேண்டும். இது எனக்கே இப்போதுதான் தெரிந்தது. நான் ஜென்மத்தில் இரண்டு பேருக்குச் சமைத்ததில்லை. உன் அம்மா இருந்தவரை அவள் பார்த்துக்கொண்டாள். அவள் போன பிறகு ஆஸ்பத்திரி அண்டாவில் மிஞ்சியதைத்தானே நீயும் நானும் சாப்பிட்டோம். ஆண்டர்சன்பேட்டை சந்தையில் ஒரு சின்னச் சட்டி வாங்கி வந்து வைத்துப் பார்த்தேன். இரண்டு தடவை தோற்றேன். மூன்றாவது தடவை வந்தது. ஒரு பங்கு நான் குடித்தேன். இன்னொரு பங்கை ராஜேந்திரனுக்கு ஊற்றினேன். "எனக்கு வவுறு நல்லாத்தானே கீது அண்ணே" என்று புலம்பிக்கொண்டே குடித்தான்.

இதுதான் இரண்டு பேருக்கு அளவு. நொய் முக்கால் ஆழாக்கு. வறுத்த பருப்பு ஒரு பிடி. உன் பிடி, என் பிடி இல்லை. தண்ணீர் எட்டு ஆழாக்கு. கொதி வந்ததும் கரியை இழுத்துவிட்டு மூடி போட்டு முக்கால் மணி. நடுவில் நாலு தடவை கிளறு. நோட்டுத் திருத்தாதே. உப்பு மூன்று விரலால் எடுக்கிற அளவு. கீரை ஒரு கட்டு, தேங்காய் அரை மூடி. சாயங்காலம் பெங்களூர் கத்தரிக்காய், உங்கள் ஊர்க் காய்தான், தோல் சீவிப் பொடியாக நறுக்கி, பாசிப்பருப்பு, சீரகம், தேங்காய் சேர்த்துக் கூட்டு. மிளகாய் கிட்டேயே வரக்கூடாது. இரவுக்குப் பாலில் ஊறின இட்லி. இரவில் கீரை வேண்டாம்.

இனி என் கேள்வி. ஏப்ரலில் அந்தப் பிள்ளை ஸ்ரீகண்டனை வீட்டுக்குக் கூட்டி வந்தாய். நானே டீ போட்டேன். டம்ளரை வாங்கினான், கீழே வைத்தான். வயிறு சரியில்லை என்றான். வந்ததிலிருந்து கையை வயிற்றுக்குழியில் வைத்துக்கொண்டு, நம் வீட்டில் உட்காரப் பிடிக்காதவன் மாதிரி நெளிந்தான். நம் கை பட்டதைக் குடிக்காத ஜாதிக்காரர்களுக்கெல்லாம் அந்த நேரத்தில்தான் வயிறு கெடும். எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரிந்த வியாதி இது. "என் கையால ஒரு வாய் சாப்பிடட்டும், அப்பால தாராளமா கட்டிக்கோ" என்று உன்னிடம் சொன்னேன். நீ அவனை மறுபடி கூட்டி வராமலே போய் மே மாதம் ரிஜிஸ்டர் ஆபீசில் மாலை மாற்றிக்கொண்டாய். சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் ராஜேந்திரனின் சித்தப்பா மகன். கஞ்சி கிளறிக்கொண்டிருக்கும்போது ராஜேந்திரன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சாட்சிக்கு எவனோ கிடைத்தான். அப்பன் கிடைக்கவில்லை.

இப்போது அவன் குடிக்கிற கஞ்சி யார் பக்குவம் என்று அவனுக்குத் தெரியுமா?

அய்யாவு


ஜீவனஹள்ளி
10-9-1961

நைனாவுக்கு,

கஞ்சி வந்துவிட்டது. முதல் நாளே வந்துவிட்டது. வடிகட்டாமலே குடித்துவிட்டு, "இன்னும் இதியா?" என்று கேட்டார். அவருக்குத் தமிழ் பேச வரும், நடுநடுவே கன்னடம் வந்து விழும். சட்டியைக் கவிழ்த்துக் காட்டினேன். கீரையும் தேங்காய்ப்பாலும் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் மணத்தக்காளிக்குத்தான் அலைச்சல். சந்தைக்காரி வாரத்தில் இரண்டு நாள்தான் கொண்டுவருகிறாள். பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் தானாக முளைத்திருந்த இரண்டு செடியைப் பிடுங்கி வந்து வாசலில் வைத்திருக்கிறேன். தினமும் நாலு தடவை போய் அதைப் பார்க்கிறேன். பார்ப்பதால் வளருமா என்று கிருஷ்ணம்மாள் அக்கா கேட்கிறார்.

அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று தனித்தனியாகச் சமைக்க நேரமில்லை. நானும் பத்தியம்தான் சாப்பிடுகிறேன். மூன்றாவது வாரம் நாக்கு செத்துவிட்டது. நேற்று மதியம் பள்ளிக்கூடத்தில் பெட்டி என்கிற டீச்சரின் சாப்பாட்டு டப்பாவிலிருந்து எலுமிச்சை ஊறுகாயை வாங்கி வெறும் வாயில் தின்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "ஏன்டி, விசேஷமா?" என்றாள். இல்லை என்று சொல்லவே பத்து நிமிஷம் ஆனது.

வேறு ஒன்றுதான் எனக்கு நிம்மதி இல்லாமல் செய்கிறது. சில நாள் அவர் ஒரு மணி நேரம் தாமதமாக வருகிறார். கேட்டால் ஆபீசில் வேலை என்கிறார். ஓட்டலில் காப்பி குடிக்கிறாரோ என்று பயம். செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டு, அவர் ஆபீஸ் எதிரில் பஸ் ஸ்டாப்பில் நின்று பார்த்தேன். எல்லோரும் வெளியே வந்தார்கள், அவர் வரவில்லை. கால் வலித்தது, திரும்பிவிட்டேன். சட்டையை முகர்ந்து பார்த்தேன். காப்பி வாசம் இல்லை. எனக்கே வெட்கமாக இருந்தது.

தலையும் சரியில்லை. அரிசி டின்னுக்கு அடியில் வைத்த உங்கள் கார்டுகளை ஒரு நாள் காணவில்லை. வீடு முழுக்கப் புரட்டினேன். மறுநாள் அதே இடத்தில் இருக்கிறது.

நாற்பத்தாறு நாள்.

சந்திரம்மா


சாம்பியன் ரீப்
15-9-61
(கார்டு)

சந்திரம்மாவுக்கு,

ஊறுகாய் வரைக்கும் எழுதியிருக்கிறாய். நான் கேட்டதற்குப் பதில் இல்லை. ராஜேந்திரன்கூட கேட்டுவிட்டான், "மாப்புள்ளைக்குத் தெரியுமா அண்ணே" என்று. அவன் பக்கம் திரும்பப் போய் அண்டா விளிம்பில் கையைச் சுட்டுக்கொண்டேன்.

அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா, தெரியாதா? ஒரு வார்த்தை எழுது.

வாழைத்தண்டு வேண்டாம், நார் புண்ணில் உரசும். சுரைக்காய் ஆகும்.

அய்யாவு


ஜீவனஹள்ளி
24-9-1961

நைனா,

தெரியாது.

பெட்டி டீச்சரின் அக்கா நர்சாக இருக்கிறாள், அவள் எழுதிக் கொடுக்கும் பத்தியம் என்று சொல்லியிருக்கிறேன். உங்கள் கார்டு வந்தால் ஊரில் எல்லோரும் சௌக்கியம் என்று சொல்வேன். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாதது எனக்கு வசதியாகப் போயிற்று.

திட்டுங்கள். ஆனால் நான் ஏன் அப்படிச் செய்தேன் என்பதையும் கேளுங்கள். அந்த டீ டம்ளரை நானும்தான் பார்த்தேன். அவர் கீழே வைத்ததையும் பார்த்தேன், அவர் போன பிறகு ஆறிப்போன அதை நீங்கள் எடுத்துக் குடித்ததையும் பார்த்தேன். அவர் வீட்டில் வெங்காயம்கூட உள்ளே வராது. என்னைக் கட்டிக்கொண்டதற்காக அவர் அம்மா மல்லேஸ்வரத்து வீட்டு வாசலில் அவருக்குத் தலை முழுகிவிட்டாள். அத்தனையும் விட்டுவிட்டு வந்தவர், உங்கள் கையால் ஒரு வாய் சாப்பிட முடியாமல் நின்றுவிட்டால் நான் என்ன செய்வேன்? அவரையும் விட முடியாது, உங்கள் முகத்தையும் பார்க்க முடியாது. அதனால்தான் அந்தப் பரீட்சையே வேண்டாம் என்று ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போனேன். இப்போதும் அதே பயம்தான். உங்கள் பக்குவம் என்று தெரிந்து ஒரு நாள் அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? புண் ஆறிக்கொண்டிருக்கிறது நைனா. எக்ஸ்ரே முடியட்டும். அப்புறம் நானே சொல்கிறேன்.

கோழை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

சந்திரம்மா


சாம்பியன் ரீப்
30-9-61
(கார்டு)

சந்திரம்மாவுக்கு,

நான் கார்டில் எழுதுவது வேண்டுமென்றேதான். மூடி ஒட்டி மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. தபால்காரன் படிக்கட்டும், ஊரே படிக்கட்டும்.

நூற்றிருபது படுக்கையில் எல்லா ஜாதிக்காரனும் படுத்திருக்கிறான். எவன் கேட்டாலும் "இன்னைக்குச் சமையல் அய்யாவு" என்று சொல்லித்தான் ஊற்றுகிறார்கள். வேண்டாம் என்றவனும் உண்டு, கும்பிட்டவனும் உண்டு. பெயரை மறைத்து எவனுக்கும் ஊற்றினதில்லை. என் மகள் வீட்டில்தான் என் கஞ்சி யாரோ ஒரு நர்சின் பெயரில் போகிறது. அவன் டீயை வேண்டாம் என்றது சின்ன விஷயம். நீ செய்தது பெரிசு.

அளவெல்லாம் கையில் இருக்கிறது. வைத்துக்கொள். இனி இங்கிருந்து கார்டு வராது.

அய்யாவு


ஜீவனஹள்ளி
22-10-1961

நைனா,

மூன்று வாரமாகத் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுகிறேன். நீங்கள் சொன்னால் சொன்னதுதான். அந்தக் கடைசிக் கார்டை மட்டும் பள்ளிக்கூட மேஜையில் பூட்டி வைத்திருக்கிறேன்.

நேற்று சாயங்காலம் அவர் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "யாக்கே, ஏன் உங்கப்பா கார்டு வரலை?" என்றார். ஊரில் எல்லோரும் சௌக்கியமாகத்தான் இருப்பார்கள் என்றேன். "அது இல்ல. சுரைக்காய்க்கு அப்புறம் என்ன செய்யணும்னு எழுதலையே" என்றார்.

நான் போய் அரிசி டின்னைத் தூக்கிப் பார்த்தேன், கார்டுகள் அங்கேயே இருந்தன.

பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தார். கன்னட எழுத்தில் எழுதியிருக்கிறது. நொய் முக்கால் ஆழாக்கு, தண்ணீர் எட்டு ஆழாக்கு, கீரை ஒரு கட்டு, எல்லாம் இருக்கிறது. 'நோட்டுத் திருத்தாதே' என்பதுகூட இருக்கிறது. அவர் ஆபீசில் அலர்மேல்மங்கை என்று ஒரு டைப்பிஸ்ட் அம்மாள். அரிசி டின்னுக்கு அடியிலிருந்து கார்டை எடுத்துக்கொண்டு போய், வேலை முடிந்த பிறகு அந்த அம்மாளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறார். அதுதான் தாமதம். நான் பஸ் ஸ்டாப்பில் நின்ற அன்று உள்ளே என் புருஷன் மணத்தக்காளிக் கீரை எழுதிக்கொண்டிருந்தார். முதல் கார்டில் நூற்றிருபது படுக்கை என்று கேட்ட அன்றே யார் பக்குவம் என்று தெரிந்துவிட்டதாம். தெரிந்துதான் தினமும் குடித்திருக்கிறார்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ மறைச்சியே. நான் சாப்பிட மாட்டேன்னு நீ நம்பினே. அது எனக்கு வயித்தைவிட அதிகமா வலிச்சுது. நானே எப்படி வந்து சொல்றது" என்றார்.

டீ விஷயம் எழுதிய மூன்று கார்டையும் அந்த அம்மாள்தான் படித்துக் காட்டியிருக்கிறாள். படித்து முடித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாளாம். இவர் அவள் முகத்தைப் பார்க்காமல் வந்துவிட்டாராம். அதைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் எழுந்து நின்றுகொண்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நான் ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"அன்னைக்கு வயிறு நிஜமாவே வலிச்சுது. சத்தியமா. ஆனா வலிக்காம இருந்திருந்தா அந்த டீயைக் குடிச்சிருப்பேனான்னு கேட்டா, தெரியலை. டம்ளரைக் கையில வாங்கினதும் எங்கம்மா ஞாபகம் வந்துடுச்சு. பாதி வயிறு, பாதி நான். இதை உங்கப்பாவுக்கு எழுது."

எழுதிவிட்டேன். வியாழக்கிழமை எக்ஸ்ரே.

உங்கள் பெயரை மறைத்தது தப்பு நைனா. உங்களுக்குச் செய்ததும் தப்பு, அவருக்குச் செய்ததும் தப்பு.

சந்திரம்மா


சாம்பியன் ரீப்
25-10-61
(ஒட்டிய இன்லாண்டு கடிதம்)

அம்மாடி சந்திரம்மா,

முதல்தடவையாக மூடி ஒட்டி எழுதுகிறேன். இதை அந்த டைப்பிஸ்ட் அம்மாளிடம் கொண்டுபோக வேண்டாம். நீ படி. அவருக்குச் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

பாதி பாதி என்று சொன்னாரே, அதை நேற்றிலிருந்து மென்றுகொண்டிருக்கிறேன். முழுக்க வயிற்றுவலிதான் என்று சத்தியம் செய்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன். கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு அண்டா கழுவப் போயிருப்பேன். இப்படிச் சொல்கிறவனை நான் இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை.

அதனால் என் பாதியையும் நான் சொல்லிவிட வேண்டும்.

ஏப்ரலில் அவர் உள்ளே வந்து உட்கார்ந்ததும் கையை வயிற்றுக்குழியில் வைத்தார். மேல்வயிறு, நடுவில், இரண்டு விரலால் அழுத்தி, கொஞ்சம் முன்னால் குனிந்து. மதியச் சாப்பாட்டுக்கு முன் பசி நேரம். இருபத்தெட்டு வருஷமாக வார்டில் படுக்கை படுக்கையாகக் கஞ்சி கொண்டுபோனவன் நான். டாக்டர் சீட்டு எழுதுவதற்கு முன்பே எந்தப் படுக்கைக்கு என்ன கஞ்சி என்று சொல்லிவிடுவேன். அவரைப் பார்த்த கணமே எனக்குத் தெரிந்தது. வயிற்றுப்புண். டீயைக் கொடுக்கவே கூடாது. தெரிந்துதான் டீ போட்டேன். இஞ்சி தட்டிப் போட்டேன், மிளகும் போட்டேன். குடிக்கிறானா பார்க்கலாம் என்று.

அவர் கீழே வைத்தபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. மறுத்துவிட்டான், இனி மகள் போகமாட்டாள் என்று. கோபப்பட எனக்கு ஒரு காரணம் தேவையாக இருந்தது. அதை அந்த டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். அன்றைக்கே "தம்பி, இது புண், டாக்டரிடம் போ" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஜூலையில் அவர் வாசலில் ரத்தம் கக்கியிருக்க மாட்டார். ஆகஸ்டில் உன் கடிதம் வந்தபோது அதை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். பதில் எழுத ஐந்து நாள் ஆனது அதனால்தான். பெயரை மறைத்ததற்காக உன்னைத் திட்டினேன். நான் மறைத்தது அதைவிடப் பெரிசு.

சட்டியைத் தேய்த்து வைத்திருக்கிறேன். நவம்பர் ஐந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வரலாமா? வரவேண்டாம் என்றால் எழுதாதே. எழுதாமல் இருந்தாலே புரிந்துகொள்வேன்.

எக்ஸ்ரேக்கு முன் வெறும் வயிறாக வைத்திருப்பார்கள். வெள்ளை மாவு போல் ஒன்றைக் குடிக்கக் கொடுப்பார்கள். முடிந்ததும் உடனே சூடாக எதுவும் கொடுக்காதே. ஆறின கஞ்சி கொடு.

உன் நைனா
அய்யாவு


ஜீவனஹள்ளி
30-10-1961
(கார்டு)

நைனா,

வேண்டுமென்றே கார்டில் எழுதுகிறேன். ஊர் படிக்கட்டும்.

எக்ஸ்ரே பார்த்துவிட்டார்கள். புண் முக்கால்வாசி ஆறிவிட்டது. கத்தி வேண்டாம். இன்னும் மூன்று மாதம் இதே பத்தியம். யார் சமையல் என்று டாக்டர் கேட்டார். "என் மாமனார்" என்றார் அவர். நான் சொல்வதற்குள் அவரே சொல்லிவிட்டார்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் உங்கள்மேல் எரிந்துகொண்டிருந்தேன். வராதீர்கள் என்று எழுதிக் கிழித்தேன், இரண்டு தடவை. ஜூலையில் அவர் செத்திருந்தால் உங்களை என்ன செய்வது நைனா? பிறகு அவருக்குப் படித்துக் காட்டினேன், முழுவதும், மிளகு வரைக்கும். கையில் இருந்த கஞ்சியைக் குடித்து முடித்துவிட்டு, "அவரும் பாதி, நானும் பாதி. வரச் சொல்லு" என்றார்.

வாருங்கள். ஈஸ்ட் ஸ்டேஷனில் அவர் வந்து நிற்பார். நான் வரமாட்டேன், எனக்குக் கோபம் இன்னும் போகவில்லை. வீட்டில் அடுப்பில் கஞ்சி இருக்கும். மூன்று பேருக்கு, என் அளவில். சட்டி கொண்டுவர வேண்டாம். உப்பு சரியில்லை என்று மட்டும் சொல்லிப் பாருங்கள்.

சந்திரம்மா